மெருகு வேறு, மினுக்கு வேறு

எழுதுகருவிகளைப் பற்றிப் பேசத் தொடங்கும் நம் இலக்கிய நண்பர்கள் மை, முள், தாள் ஆகிய மூன்றோடு பேச்சை முடித்துக்கொள்வர். பேனாவின் உடலைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. மரத்தில் கடைந்த பேனா ஒன்றைக் கையில் கொடுத்தால், "ஆகா, என்ன பளபளப்பு!" என்று வியந்து சட்டைப்பையில் செருகிக்கொள்வதோடு சரி. அந்தப் பளபளப்பு எதனால் ஆயது, எத்தனை நாள் நிற்கும், அது மரத்தைக் காக்கிறதா அல்லது நம் கண்ணை மயக்குகிறதா என்று கேட்பவர் அரிதினும் அரியர். கேட்காமல் இருந்த கூட்டத்தில் நாமும் ஒருவராய் இருந்தோம். அதற்குக் கொடுத்த விலையைச் சொல்லவே இக்கட்டுரை.

2018ஆம் ஆண்டில் நம் துறையின் பழைய நூலக அறையை இடித்தார்கள். கூரையைத் தாங்கிய தேக்கு உத்தரம் ஒன்று விறகுக் கடைக்குப் போகவிருந்தது. அதில் ஒரு துண்டை வாங்கி, பன்னிரண்டு பேனாக்கள் கடையச் செய்தோம். அவ்வறையில் முப்பது ஆண்டுகள் பாடம் சொல்லி ஓய்வுபெற்ற எம் பேராசிரியருக்கு ஒன்று. துறையில் இருந்தோருக்குப் பத்து. துறைத் தலைவர் அறைக் கண்ணாடி அலமாரிக்கு ஒன்று. கடைசல்காரரிடம் நாம் வைத்த வேண்டுகோள் ஒன்றே ஒன்று: "நன்றாகப் பளபளக்க வேண்டும்." அவரும் சொன்னபடியே செய்து கொடுத்தார். கண்ணாடிபோல் மின்னின அந்தப் பன்னிரண்டும்.

ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்தன. நாள்தோறும் எழுதப்பட்ட பேனாக்களில் விரல் படும் இடம் மங்கியது, பின் கறுத்தது, வியர்வை மிகுந்த நாள்களில் பிசுபிசுத்தது. 2020ஆம் ஆண்டில் கிருமிநாசினி ஊரெங்கும் வந்தபோது எஞ்சியிருந்த மெருகும் உரிந்து போயிற்று. பேராசிரியர் நாள்தோறும் நாட்குறிப்பு எழுதுபவர். அவர் தம் பேனாவை ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். மை நிரப்பும்போது வழிந்த நீலம், கழுத்துப் பூணை ஒட்டிய மரத்தின் இழைக்குள் இறங்கி நிலைத்திருந்தது. "எனக்குக் கை வியர்ப்பது அதிகம் ஐயா. நீங்கள் அன்பாய்க் கொடுத்ததைப் பாழாக்கிவிட்டேன்" என்று வருந்தினார். எண்பதை நெருங்கும் ஆசிரியர் ஒருவர், நாள்தோறும் எழுதிய குற்றத்திற்காகத் தம் மாணவரிடம் மன்னிப்புக் கேட்டார். அலமாரியில் இருந்த பன்னிரண்டாவது பேனாவோ முதல் நாள் போலவே மின்னிக்கொண்டிருந்தது. எழுதாத பேனா ஒன்றுதான் எழுதத்தக்க நிலையில் இருந்தது!

குற்றம் எவருடையது? கடைசல்காரருடையது என்று சொல்லித் தப்பிக்க நமக்கு மனமில்லை. கேட்டதைக் கொடுத்தார் அவர். நாம் கேட்டது மினுக்கு. கேட்டிருக்க வேண்டியது மெருகு.

பேனாக் கடைவோர் பலர் பூசுவது அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, மெழுகும் சேர்த்த ஒரு கலவை. பொறியில் பேனா சுழலும்போதே அதனைத் தேய்த்தால், உராய்வின் சூட்டில் ஸ்பிரிட் ஆவியாகி, ஓரிரு நிமிடத்தில் கண்ணைப் பறிக்கும் பளபளப்பு வந்துவிடும். அவலரக்கு நல்ல பொருள்தான். அரக்குப் பூச்சி மரக்கிளைகளில் சுரக்கும் பிசின் அது. சார்க்கண்டு, சத்தீசுகர் முதலிய பகுதிகளில் பழங்குடி மக்களின் வாழ்வாதாரம். சன்னபட்டணத்துப் பொம்மைகளும் நம் அம்பாசமுத்திரத்துச் சொப்புகளும் அரக்கினால் அழகு பெற்றவை. ஆனால் சொப்பு வைத்து விளையாடும் கைக்கும், நாளுக்கு நான்கு மணிநேரம் பேனாவைப் பற்றி எழுதும் கைக்கும் வேறுபாடு உண்டு. சொப்பின் மேல் ஏற்றுவது கட்டி அரக்கின் கனத்த பூச்சு. பேனாவின் மேல் தேய்ப்பது மெல்லிய படலம். அவலரக்கு சூட்டில் இளகும், காரத்தில் நெகிழும், ஆல்கஹாலில் கரையும். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கைக்கிருமிநாசினிக் கலவை ஒன்றில் எத்தனால் 80 விழுக்காடு. அதைத் தடவிய ஈரம் உலருமுன் பேனாவைத் தொட்டால், பூசியதைக் கரைக்கும் பொருளையே கையில் ஏந்தித் தொடுகிறோம் என்று பொருள். பாண்டவர்க்கு அரக்கு மாளிகை கட்டியவன் கேடு நினைத்துக் கட்டினான். நம் கடைசல்காரர் நல்லெண்ணத்தோடு கட்டினார். குடியிருந்தவர்க்கு நேர்ந்தது மட்டும் ஏறத்தாழ ஒன்றே.

இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர், "தேன்மெழுகு பூசியிருக்க வேண்டும், இயற்கைப் பொருளை மிஞ்சியது உண்டா?" என்றார். இயற்கை என்ற சொல்லைக் கேட்டவுடன் ஆராய்ச்சியை நிறுத்திவிடும் பழக்கம் இப்போது நம்மிடையே பெருகிவிட்டது. எனவே இதற்குச் சற்று விரிவாக மறுமொழி சொல்ல வேண்டியிருக்கிறது.

தேன்மெழுகு உருகுவது ஏறத்தாழ 62 முதல் 65 பாகை செல்சியசில். ஆனால் அது இளகத் தொடங்குவதற்கு அவ்வளவு சூடு வேண்டியதில்லை. தேனடையின் உட்சூடு ஏறத்தாழ 35 பாகை; அந்தச் சூட்டில்தான் தேனீக்கள் மெழுகை வளைத்து அறைகளைக் கட்டுகின்றன. சுவாமிமலைச் சிற்பிகள் தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்துப் படிமத்தின் மெழுகுருவை அமைப்பது ஏன்? விரலின் சூட்டுக்கு இணங்கி வளையும் என்பதனால் அன்றோ! சிற்பிக்கு வரமாய் அமைந்த அந்த இணக்கம் எழுதுகிறவனுக்குச் சாபம். சித்திரை வெயிலில் சட்டைப்பைக்குள் கிடக்கும் பேனாவின் மேல் தேன்மெழுகு நெகிழும். நெகிழ்ந்த மெழுகில் தூசி ஒட்டும். ஒட்டிய தூசி அழுக்காய் மரத்தின் துளைகளில் அமரும். மேலும் தேன்மெழுகில் கட்டற்ற கொழுப்பமிலங்கள் உண்டு. அவை செம்பு கலந்த உலோகத்தோடு கூடினால் பச்சைக் களிம்பு உண்டாகலாம். மரப்பேனாவின் உட்குழாய் பெரும்பாலும் பித்தளை. பூண்களும் பலவற்றில் பித்தளையே.

அடுத்து வருவது கார்னுபா மெழுகு. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து எடுக்கப்படுவது. உருகுநிலை 82 முதல் 86 பாகை. இயற்கை மெழுகுகளில் மிகக் கடினமானவற்றுள் ஒன்று. பளபளப்பும் மிகுதி. இதைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் கடினமானது நொறுங்கும் இயல்பும் உடையது. தனியே கையால் தேய்த்து ஏற்றுவது கடினம். பொறியின் சுழற்சிச் சூடு வேண்டும். பட்டறையில் முதல் நாள் பூசலாம். ஆறு மாதம் கழித்து வீட்டில் ஒரு தமிழாசிரியர் எதைக் கொண்டு பூசுவார்? காப்பு என்பது ஒருநாள் அலங்காரம் அன்று, தொடர்ந்து செய்யும் பணி. உரியவர் தம் கையாலேயே புதுப்பிக்க முடியாத காப்பு அரைக் காப்புத்தான்.

நாம் தேர்ந்தது நுண்படிக மெழுகு. 1950களில் இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் ஆய்வுக்கூடத்தில், பழைய மெழுகுகள் நாள்படப் பொருளின் மேலேயே நிறம் மாறியும் அமிலம் ஏறியும் கேடு செய்வதைக் கண்டு மாற்றுத் தேடினார்கள். அப்படி உருவானதே ரினைசான்ஸ் வாக்சு என்ற பெயரில் விற்கப்படும் மெழுகு. நுண்படிக மெழுகோடு பாலிஎத்திலீன் மெழுகும் சேர்த்து, வைட் ஸ்பிரிட்டில் குழைத்தது. மரம், உலோகம், தோல், தந்தம் எனப் பலவற்றுக்கும் அருங்காட்சியகங்களில் பயன்பட்டு வருவது. இதன் படிகங்கள் மிக நுண்ணியவை, படலம் மெல்லியது, ஆனால் இறுக்கமானது, விரல் தடம் எளிதில் பதியாது, அமிலம் இல்லை. மின்னுவது குறைவு. அந்தக் குறைவையே நாம் நிறைவாகக் கொள்கிறோம். தேக்கு தேக்காகத் தெரிகிறது. அதன்மேல் ஒட்டிய கண்ணாடி தெரிவதில்லை.

"அது பெட்ரோலியத்திலிருந்து வருவது ஆயிற்றே!" என்பர். ஆம், மறைக்கவில்லை. ஒரு பேனாவுக்குத் தேவையானது உளுந்தளவு. ஒரு சிறு டப்பா ஒரு துறைக்கே பல ஆண்டுகள் வரும். நூறாண்டு நின்ற உத்தரத்தின் துண்டை இன்னும் ஐம்பதாண்டு காக்க உளுந்தளவு மெழுகு ஆகும் என்றால், அதைச் சூழலுக்குச் செய்யும் துரோகம் என்று நாம் கருதவில்லை. இரண்டாண்டில் பாழாகிக் குப்பைக்குப் போகும் இயற்கை மெருகுப் பேனாவே பெரிய வீண். "வெளிநாட்டுச் சரக்கு, விலை மிகுதி" என்பர். பன்னிரண்டு பேர் பங்கிட்டால் ஒரு தேநீர்க் கணக்குத்தான்.

"அவ்வளவு எதற்கு? சையனோஅக்ரிலேட்டுப் பசையைப் பல படலமாய் ஏற்றிவிட்டால் எந்தக் கவலையும் இல்லை" என்பாரும் உளர். வியர்வைக்கும் ஈரத்துக்கும் அது எந்த மெழுகையும்விட நன்றாகத் தாக்குப்பிடிக்கும்; இதில் ஐயமில்லை. பேனாவைப் பேணவே நேரமில்லாதவர் அதையே கேட்டு வாங்கட்டும். ஆனால் தொடுவது மரத்தை அன்று, மரத்தை மூடிய பிளாஸ்டிக்கை என்பதை அறிந்து வாங்கட்டும். அந்தப் படலத்தில் கீறலோ வெடிப்போ விழுந்தால், முழுவதையும் தேய்த்தெடுத்துத்தான் புதிதாய் ஏற்ற வேண்டியிருக்கும். மெழுகில் கீறல் விழுந்தால் மெழுகே போதும். மெழுகு ஈரத்தை முற்றாய்த் தடுப்பதில்லை. மெல்ல வரச் செய்கிறது. அதனால்தான் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த உண்மையையும் சொல்லாமல் மெழுகை விற்பவர், மினுக்கை விற்பவரினும் மேலானவர் அல்லர்.

"கைபட்டு முதிர்ந்து கறுப்பதுதானே மரத்தின் அழகு?" என்பது கவிமனம் படைத்தோரின் வாதம். முதிர்ச்சி வேறு, அழுக்கு வேறு. வீட்டு நிலைக்கதவு கைபட்டு முதிர்ந்தது என்றால், ஆண்டுதோறும் எவரோ ஒருவர் அதற்கு எண்ணெய் போட்டார் என்று பொருள். பேணாமல் விட்டது முதிர்வதில்லை, கெடுகிறது.

செய்முறை எளிது. பேனாவை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். மெழுகைப் பருத்தித் துணியில் தொட்டு, தொட்டதும் தெரியாத அளவு மெல்லியதாய்த் தடவ வேண்டும். சில நிமிடம் விட்டு, வேறொரு சுத்தமான துணியால் தேய்த்தெடுக்க வேண்டும். காற்றோட்டமான இடமும் நெருப்பின்மையும் தேவை, கரைப்பான் தீப்பற்றும். ஒன்றை மறக்கலாகாது: மரம் ஈரத்தை மிக விரைவாய்க் குடிப்பது பக்கங்களில் அன்று, இழைகள் வெட்டுப்பட்ட முனைகளில். மூடியின் விளிம்பும் கழுத்துப் பூணை ஒட்டிய வளையமும்தான் பேனாவின் வாய்கள். பெரும்பாலோர் பக்கத்தைப் பளபளக்கச் செய்து முனைகளை வெறுமையாய் விடுகின்றனர். பேராசிரியரின் பேனாவில் மை நுழைந்தது அவ்வழியேதான். சிலிக்கோன் கலந்த மெருகுப் பொருள்களைத் தொடவே வேண்டாம். பின்னால் வேறெதைப் பூசினாலும் சீராய்ப் பற்றாது.

இத்தனையும் அற்ப விஷயம், இதில் இலக்கியம் எங்கே என்று முகஞ்சுளிப்போருக்கு ஒன்று சொல்வோம். நாம் பயிலும் பழந்தமிழ் நூல்கள் நம்மை வந்தடைந்தது பெரும்புலவர் பாடியதால் மட்டும் அன்று. ஏட்டுக்கு எண்ணெய் தடவி, பூச்சி பார்த்து, பழுதுபட்டதைப் படியெடுத்து வைத்த பெயர் தெரியாத கைகள் இருந்ததால். அக்கைகள் ஓய்ந்த இடங்களில் செல் தின்றது. எஞ்சியது நமக்குப் பாடமாயிற்று. பேணுதலை அற்பம் என்று கருதும் உரிமை வேறு எவர்க்கு இருப்பினும், தமிழ் படித்தவர்க்கு இல்லை.

எனவே நம் வேண்டுகோள் இது. மரப்பேனா கடைவோர், இன்ன மரம், இன்ன பூச்சு, இத்தனை மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்க என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைக்க வேண்டும். பொன்னாடையோடு மரப்பேனாவும் அளித்துச் சிறப்பிக்கும் இலக்கிய அமைப்புகள் அச்சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். வாங்குவோர் பளபளப்பைக் கேட்பதை நிறுத்த வேண்டும். கேட்பவர் மாறாத வரை கொடுப்பவர் மாறார்.

பேராசிரியரின் பேனாவிலிருந்த பழைய பூச்சை ஸ்பிரிட்டால் நீக்கி, நுண்ணிய உப்புத்தாளால் இழையின் போக்கில் தேய்த்து, முனைகள் உட்பட மெழுகிட்டுக் கொடுத்தோம். கறுப்பு அகன்றது, நீலக்கறை அகலவில்லை. அதைச் சொல்லி நாம்தான் மன்னிப்புக் கேட்டோம். அவர் கறையைப் பார்க்கவே இல்லை. "இனி இதில் எழுதலாமா?" என்று மட்டும் கேட்டார். எழுதலாம் ஐயா என்றோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் வீட்டுக்கு டப்பாவும் துணியுமாய்ப் போய்வருவது இப்போது நம் வழக்கம்.

அடுத்த முறை மரப்பேனா ஒன்றை எவரேனும் உங்கள் கையில் கொடுத்தால், வியப்பதற்கு முன் கேளுங்கள்: இதன் மேல் என்ன பூசியிருக்கிறீர்கள்?