பழைய காருக்குப் புதிய வர்ணம்

மல்கிரேவில் வசிக்கும் வாசகர் ஒருவர் இப்பத்திக்கு நீண்டதொரு மடல் வரைந்துள்ளார். 1960ஆம் ஆண்டில் உருவான மொறிஸ் மைனர் கார் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி வீட்டுக் கராஜில் நிறுத்தியிருக்கிறாராம். இயந்திரம் ஓடுகின்றது, ரிங்கரிங் வேலையும் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. இனிப் பெயின்ற் அடிக்கவேண்டும். "சந்தையில் உள்ளவற்றுள் மிகத் தரமான பெயின்ற் எது? அதனை நானே வீட்டில் விசிறலாமா?" என்பது அவர் வினா. ஊரில் தம் தந்தையார் வாடகைக்கு ஓட்டியதும் இதே ரகக் காரே என்றும், தம்முடைய இரு சிறு பிள்ளைகளும் பழைய பெயின்ற்றைச் சுரண்டுவதில் தமக்கு ஆர்வத்துடன் உதவுகின்றனர் என்றும் எழுதியிருக்கின்றார். பிள்ளைகள் பற்றிய அந்த வரியே இம்மறுமொழியை இவ்வாரமே எழுதத் தூண்டியது.

மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. இதனை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் ஸ்மேர்ணாவில் பிறந்தவர். அந்நகரம் போரில் அழிந்த 1922ஆம் ஆண்டில் பிரித்தானியக் கப்பல் மூலம் மோல்ற்றாத் தீவுக்கு அகற்றப்பட்டு, தந்தையை இழந்து, தாயுடன் இங்கிலாந்து சேர்ந்தவர். அதாவது, நம்மவர் தலைமுறை தலைமுறையாகப் போற்றிய அக்காரை ஆக்கியவரும் ஓர் அகதியே. யாழ்ப்பாணத்தில் இக்காரும் ஒஸ்ரின் ஏ40உம் பெற்ற நீண்ட ஆயுளுக்கு, எழுபதுகளின் இறக்குமதிக் கட்டுப்பாடும், 1990இன் பின் வந்த பொருளாதாரத் தடையும் காரணங்களாயின. சில துளி பெற்றோலில் இயந்திரத்தைக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டிய காலத்தை வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஆகவே இந்த அன்பர் ஒரு வாகனத்தை மாத்திரம் புதுப்பிக்கவில்லை என்பதை நாம் உணர்கின்றோம். அதனாலேயே விடயத்தை ஒளிவின்றிக் கூறுகின்றோம்.

முதலில், பிள்ளைகளைக் கராஜிலிருந்து வெளியே அனுப்புங்கள். அக்கால வாகனப் பெயின்ற்றில் ஈயம் கலந்திருக்கக்கூடும். சிவப்பு, மஞ்சள், செம்மஞ்சள் வர்ணங்களிலும் அடிப்பூச்சுகளிலும் இது பெரிதும் பயன்பட்டது. மல்கிரேவுக்கு அண்டையில் உள்ள கிளேற்றனில் தலைமையகம் கொண்டிருப்பதும், 2019 முதல் ஜப்பானிய நிப்பொன் நிறுவனத்துக்கு உரியதுமான டூலக்ஸ் கொம்பனியின் பூர்வீகப் பெயரே "பிரித்தானிய அவுஸ்திரேலிய ஈய உற்பத்தியாளர்" என்பதாகும். ஈயமும் பெயின்ற்றும் அந்நாளில் அவ்வளவு நெருங்கிய உறவினர். பிறிஸ்பேன் நகரச் சிறுவர்களின் ஈய நோய்க்கு வீட்டு விறாந்தைக் கிராதிகளின் பெயின்ற்றே காரணம் என்று லொக்ஹார்ட் கிப்சன் என்ற வைத்தியர் 1904இலேயே எடுத்துரைத்தார். ஈயத் தூசி வளரும் மூளையைத் தாக்குவது. கருவுற்ற தாய்மாருக்கும் அது ஆகாது.

ஆதலால் பழைய பூச்சை உலர்ந்த நிலையில் சாண்ட்பேப்பர் கொண்டு தேய்க்க வேண்டாம். நெருப்புக் காட்டி உரிக்கவும் வேண்டாம். நீர் விட்டுத் தேய்த்து, அந்தச் சேற்றைப் பழந்துணியால் ஒற்றியெடுத்துக் கட்டி வையுங்கள். முற்றத்துக் குழாயால் கழுவிவிட்டால் அது மழைநீர்க் கானில் இறங்கிச் சிற்றாற்றுக்குப் போய்ச் சேரும். அல்லது வேலியோரத்து வெண்டிப் பாத்தியில் தங்கும். வேலை உடுப்பைக் குடும்பத்தாரின் உடுப்புகளுடன் சேர்த்துத் தோய்க்கலாகாது. இதுவரை பிள்ளைகள் சுரண்டியிருப்பின், குடும்ப வைத்தியரிடம் நிலைமையைக் கூறி இரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதிக்கும்படி கேளுங்கள். எளிய பரிசோதனைதான்.

இனித் தரம் பற்றிய வினாவுக்கு வருவோம். இந்நாட்டார் வாகனப் பெயின்ற் எதனையும் "டியூக்கோ" என்றே அழைப்பர். அது உண்மையில் அமெரிக்க டூபொன்ற் நிறுவனம் 1923 அளவில் வெளியிட்ட நைற்றோசெலுலோஸ் லாக்கரின் வணிகப் பெயர். அதற்கு முன் ஒரு காரின் பூச்சு காய்ந்து முடிய வாரக்கணக்கு ஆயிற்று. டியூக்கோ அதனை மணிக்கணக்காகக் குறைத்தது. பின்னர் சிந்தெற்றிக் எனாமல் வந்தது; அதன் பின் அக்கிறிலிக் லாக்கர். அறுபதுகளின் ஹோல்டன் கார்களுக்கு அக்கிறிலிக்கே பூசினர். இன்று ஏறத்தாழ எல்லாப் பட்டறைகளிலும் ஆட்சி செலுத்துவது "ரூ-பக்" எனப்படும் இருகலவைப் பெயின்ற். எனவே கடைக்காரர் "நல்ல டியூக்கோ" என்று சொன்னால், எந்த இனம் என்று திருப்பிக் கேளுங்கள். நிறுவனத்தின் பெயரைவிட இனமே முக்கியம்.

பளபளப்பிலும் உழைப்பிலும் ரூ-பக் முதலிடம் பெறுவது என்பதில் ஐயமில்லை. இரண்டு மூன்று பூச்சுகள் போதும். பெற்றோல் சிந்தினாலும் கரையாது. மெருகேற்றத் தேவையில்லாமலே மின்னும். விற்பவர்கள் இதனைத்தான் பரிந்துரைப்பர். ஆயினும் வீட்டுக் கராஜில் விசிறுவதற்கு இதனை வாங்கவே வேண்டாம் என்பது எமது உறுதியான கருத்து. இதன் இறுக்கியில் ஐசோசயனேற் என்னும் இரசாயனம் உண்டு. விசிறும்போது எழும் நுண்துளி மூச்சுடன் உட்சென்றால், சிலருக்கு உடல் அதற்கு எதிராக விழிப்படைந்துவிடும். அதன்பின் மிகச் சொற்ப அளவே கடும் ஆஸ்துமாவைக் கிளப்பும். அந்த விழிப்பை மீண்டும் அடக்க மருந்தில்லை. தொழிலையே விட்டுவிட நேர்ந்த பெயின்ற் தொழிலாளர் பல நாடுகளில் உளர். தீங்கு தரும் அளவிலும் அதன் மணத்தை மூக்கு அறியாது. கரி வடிகட்டி பொருத்திய சாதாரண முகமூடி எப்போது பயனிழந்தது என்பதையும் அறிய இயலாது. தூய காற்றைக் குழாய் வழியே வெளியிலிருந்து தரும் சுவாசக் கவசமும், காற்று வெளியேற்றும் விசிறற் கூடமும் இப்பெயின்ற்றுக்கு அவசியம். கராஜ் கதவைத் திறந்து வைப்பது கூடம் ஆகாது. அது அயல்வீட்டாரின் சாளரத்துக்கு அனுப்புவதேயாகும்.

இரண்டு பொறிகளையும் குறிப்பிட வேண்டும். "நீர்க்கலவைப் பெயின்ற், ஆகவே தீங்கற்றது" என்பர். வர்ணம் நீர்க்கலவையாக இருக்கலாம். அதன்மேல் அடிக்கும் நிறமற்ற மேற்பூச்சு பெரும்பாலும் அதே ஐசோசயனேற்தான். அடுத்தது, அடிப்புறத்தில் ஒரு குமிழை அழுத்திக் கலந்து விசிறும் தகரப் புட்டிகள். சிறிய புட்டியாதலால் ஆபத்தும் சிறியது என்று எண்ணிவிட வேண்டாம்.

இவ்விடத்தில் கார் வைத்திராத வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. கிளேற்றன், ஸ்பிறிங்வேல், டன்டினோங் பகுதிகளின் பட்டறைகளில் நம் இளைஞர் பலர் வேலை செய்கின்றனர். விசா நிலை உறுதியற்றிருப்பதால், கவசம் கேட்டால் வேலை போய்விடுமோ என்று அஞ்சி வாயடைத்திருப்போரும் உளர். விக்ரோறிய மாநிலத்தின் 2004ஆம் ஆண்டுத் தொழிற்சுகாதாரப் பாதுகாப்புச் சட்டம், பணியாளரின் பாதுகாப்பை வேலைகொள்வோரின் கடமையாக்குகிறது. அக்கடமை விசாவைப் பார்த்து மாறுவதில்லை. பெயின்ற் அடிக்கும் நாட்களில் நெஞ்சு இறுகி, விடுமுறையில் அது தணியுமானால், அதனைத் தடிமன் என்று ஒதுக்காது வைத்தியரிடம் தொழிலைக் குறிப்பிட்டுக் கூறுங்கள். வேர்க்சேஃப் ஆலோசனைத் தொலைபேசி 1800 136 089. தமிழில் பேச 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவை மூலம் இணைப்புக் கேட்கலாம்.

அப்படியாயின் மல்கிரேவ் அன்பருக்கு உகந்தது எது? ஒரு கலவையாக வரும் அக்கிறிலிக் லாக்கர். அது தின்னர் ஆவியாவதனால் மட்டுமே காய்வது; இறுக்கி இல்லை. பூச்சு வழிந்தாலும் தூசி விழுந்தாலும் தேய்த்துவிட்டு மறுபடி விசிறலாம். கற்றுக்கொள்பவருக்கு இது பெரும் அனுகூலம். ஐந்தாறு பூச்சு அடித்து, கைநோகத் தேய்த்து மெருகிட வேண்டும். ஆனால் அக்கால வண்டியின் மென்மையான ஒளி அதில்தான் வரும். நிறமற்ற மேற்பூச்சின்கீழ் கண்ணாடிப் போத்தல்போல மின்னும் மொறிஸ் மைனர் எமது கண்ணுக்குப் பொருந்துவதில்லை. இது இரசனை பற்றியது, பிறர் மாறுபடலாம். அக்கிறிலிக்கின் தின்னரும் நஞ்சே, தீப்பற்றுவது. கராஜில் எரிவாயுக் கொதிகலன் இருந்தால் அங்கு விசிறவே கூடாது. இரசாயன ஆவிக்கும் துகளுக்கும் ஏற்ற வடிகட்டி கொண்ட முகமூடி இங்கும் வேண்டும்.

பழைய பூச்சு முழுவதையும் நீக்காதிருப்பின் ஒரு சோதனை செய்யுங்கள். மறைவான இடத்தில் லாக்கர் தின்னர் தோய்த்த துணியை வைத்துப் பாருங்கள். நிறம் துணியில் ஒட்டினால் அது லாக்கர். சுருங்கி எழுந்தால் எனாமல். அதன்மேல் லாக்கர் விசிறினால் முழுக் காரும் அப்பளம்போல் பொரிந்து எழும். ஒன்றும் நிகழாவிடில் ரூ-பக் அல்லது சூட்டில் இறுக்கிய பூச்சு எனலாம்.

காசை எங்கே செலவிடுவது என்று கேட்டால், மேற்பூச்சில் அன்று, அடியில் என்போம். சிட்னி செற்லண்டில் 1950 முதல் 1975 வரை இயங்கிய தொழிற்சாலையில் இக்கார்களைப் பொருத்தினர். உடற்பாகம் முழுவதையும் ஒரு தண்டில் கோத்து, கறள்தடுப்புத் தொட்டிகளில் உருட்டி எடுக்கும் முறை ஒன்றை அங்கு கையாண்டனர். அத்தகைய காப்பு இருந்தும் அறுபது ஆண்டுகளில் கறள் நுழையாமல் விடாது. மொறிஸ் மைனரில் கதவின்கீழ்ப் படி, தரைத்தகடு, பின் வில்லுகள் பொருந்தும் இடம், முன் மட்கார்டின் அடி ஆகியவற்றை முள்ளாணியால் குத்திப் பாருங்கள். உக்கிய தகட்டைப் புட்டியால் மூடுவது பொய். வெட்டியெடுத்துப் புதுத் தகடு ஒட்டவேண்டும். வெறும் இரும்பில் முதலில் எட்ச் பிறைமர் அல்லது எப்பொக்சி பிறைமர், அதன்மேல் நிரப்புப் பிறைமர், பின்னரே வர்ணம். இவை எல்லாம் ஒரே உற்பத்தியாளரின் வரிசையில் இருப்பது நலம்.

பலர் அறியாத செய்தி ஒன்று: சாதாரண நிரப்புப் பிறைமர் நீரைத் தடுப்பதன்று, பஞ்சுபோல் உறிஞ்சுவது. "காசு சேர்ந்ததும் வர்ணம் அடிப்போம்" என்று சாம்பல் நிறப் பிறைமருடன் மெல்பேண் மாரியில் வெளியே விட்ட வண்டிக்கு அடியிலிருந்தே கறள் பிடிக்கும். பணம் போதாவிடில் எப்பொக்சியுடன் நிறுத்தி, வண்டியை உள்ளே வையுங்கள். சிலிக்கோன் கலந்த மெழுகை அருகிலும் கொண்டுவர வேண்டாம். அதன் சுவடு இருந்தால் பூச்சில் மீன்கண் போன்ற குழிகள் விழும். கதவுக்குள்ளும் படிக்குள்ளும் ஊற்றும் மீனெண்ணெயையும் பெயின்ற் காய்ந்த பிறகே ஊற்றுங்கள்.

மழைநாளில் லாக்கர் விசிறினால் ஈரம் அகப்பட்டு வெண்படலம் பூக்கும். வடகாற்று வீசும் கோடை நாளில் புழுதி ஒட்டும். பங்குனி, சித்திரை மாதங்களின் அமைதியான முற்பகல்கள் இவ்வேலைக்கு ஏற்றவை.

இன்னொரு வழியும் உண்டு. பெயின்ற் வேலையின் கூலியில் பெரும்பங்கு தேய்ப்பதற்கும் சமன்செய்வதற்கும் போவது. அவற்றை நீங்களே செய்து, பம்பர், விளக்கு, கைபிடி யாவற்றையும் கழற்றி, விசிறற் கூடமுள்ள பட்டறைக்கு வண்டியைக் கொண்டுசென்று வர்ணத்தை மட்டும் அடிப்பிக்கலாம். அப்போது ரூ-பக் தாராளமாக அடிக்கலாம். ஆனால் எந்தப் பிறைமரை ஏற்பார்கள் என்று வேலை தொடங்குமுன் கேட்டு, எழுத்தில் பெறுங்கள். பிறர் போட்ட அடிப்பூச்சுக்குப் பல பட்டறைகள் பொறுப்பேற்பதில்லை.

நிறம் பற்றி: அக்கால பீ.எம்.சீ. வர்ணங்களுக்குக் குறியீடுகள் உண்டு. அல்மண்ட் பச்சை ஜீ.என். 37, ஸ்னோபெரி வெள்ளை டபிள்யூ.ரீ. 4. ஸ்மோக் கிறே என்ற சாம்பலின் குறியீடு பீ.யூ. 15, அதாவது நீல வரிசை. வெயிலில் பார்த்தால் காரணம் விளங்கும். குறியீடு கிடைக்காவிடில் டாஷ்போட்டின் அடியில் வெயில்படாத பகுதியைப் பார்த்து, அதே நிறமுள்ள கழற்றக்கூடிய பாகம் ஒன்றைக் கடைக்குக் கொண்டுபோனால் கருவி மூலம் நிறம் அளந்து கலந்து தருவர். முழுக் காருக்கும் வேண்டியதை ஒரே முறையில் கலந்து வாங்குங்கள்; மறுநாட் கலவை சற்றே மாறும். தந்தையாரின் கார் எந்த நிறமோ அதைப் பூச விரும்பினால் தாராளமாகப் பூசலாம். நிறம் மாறியதை விக்றோட்சுக்கு அறிவித்தால் சரி. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாகனமாதலால், அங்கீகரிக்கப்பட்ட கழகம் ஒன்றில் சேர்ந்து, ஆண்டுக்கு 45 அல்லது 90 நாள் ஓட்டும் அனுமதியைக் குறைந்த கட்டணத்தில் பெறலாம். ஒவ்வொரு நாளும் ஓட்டுமுன் பதிவேட்டில் எழுத மறக்க வேண்டாம்.