புதிர் மாளிகையும் தலைமையாசிரியர் அறையும்

இளையோர் விரும்பிப் படிக்கும் நூலைப் பற்றித் தீர்ப்பு வழங்குவது மூத்தோர்க்கு எளிது. அந்நூலைப் படித்துவிட்டுத் தீர்ப்பு வழங்குவதுதான் அரிது. அமெரிக்க எழுத்தாளர் ஜெனிஃபர் லின் பார்ன்ஸ் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி இன்ஹெரிட்டன்ஸ் கேம்ஸ்' என்னும் ஆங்கிலப் புதினத்திற்கும் இந்நிலையே நேர்ந்துள்ளது. பதின்ம வயதினரிடையே பெரிதும் பரவிய நூல் இது. இதனைப் பழிப்போர் உளர்; புகழ்வோரும் உளர். இரு சாராரும் வாயிலில் நின்று நோக்காமல் மாளிகைக்குள் ஓடிவிட்டனர் என்பதே உண்மை.

கதை இதுதான். ஏவரி கிராம்ஸ் என்பவள் கனெடிகட் மாநிலத்தில் வாழும் 17 வயது மாணவி. தாயை இழந்தவள், தந்தையின் ஆதரவற்றவள். தந்தைவழித் தமக்கையோடு ஒண்டியிருக்கின்றாள். ஒரு கட்டத்தில் காரிலேயே படுத்துறங்கும் நிலையும் அவளுக்கு வாய்க்கின்றது. அத்தகையவளுக்கு டெக்சஸ் மாநிலத்துப் பெருஞ்செல்வரான டோபியாஸ் ஹாதோர்ன் தம் உடைமை அனைத்தையும் ஏறத்தாழ முழுமையாக எழுதிவைத்துவிட்டு இறக்கின்றார். அதன் மதிப்பு 4,620 கோடி டாலர். ஓராண்டுக் காலம் ஹாதோர்ன் மாளிகையிலேயே அவள் குடியிருத்தல் வேண்டும் என்பது நிபந்தனை. இரகசிய வழிகளும் நூலகங்களும் நிறைந்த அம்மாளிகையில், செல்வரின் மகளிர் இருவரும் பெயரர் நால்வரும் முன்பே வாழ்கின்றனர். தான் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டாள் என்னும் வினாவுக்கு விடை தேடி, கிழவர் விட்டுச் சென்ற புதிர்களை அவள் ஒவ்வொன்றாக அவிழ்க்கின்றாள்.

பழிப்போர் கூறுவது யாது? 'பெற்ற மகளிரை விலக்கிவிட்டு முன்பின் அறியாத பெண்ணுக்குச் சொத்தை எழுதுவது நடவாத கற்பனை. இது மாணவர்க்குப் பணக்கனவை ஊட்டும் நஞ்சு' என்பர். டெக்சஸ் சட்டத்தை அறிந்தோர் இவ்வாறு கூறார். வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொத்தில் கட்டாயப் பங்கு தரவேண்டும் என்னும் விதி அங்கு இல்லை. அண்டை மாநிலமான லூசியானாவில் 24 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கும், தம்மைத் தாமே பேணிக்கொள்ள இயலாத பிள்ளைகளுக்கும் அத்தகைய பாதுகாப்பு உண்டு. டெக்சஸில் தந்தை விரும்பினால் மகளை வெறுங்கையோடு அனுப்பலாம். ஆகவே நூலாசிரியர் கதைக்களத்தை அறிந்தே அமைத்துள்ளார். பணக்கனவு என்னும் குற்றச்சாட்டும் நில்லாது. செல்வம் வந்தபின் அப்பெண் துப்பாக்கிக் குண்டுக்கு அஞ்சி வாழ்கின்றாள். காவலர் இன்றி ஓர் அடியும் எடுத்து வைக்க இயலாதவளாகின்றாள். இதனைக் கனவு என்று கூறுவோர் எதனைத் தீக்கனவு என்று கூறுவரோ?

இனி, புகழ்வோர் கூற்று. 'அறிவு வென்றது, புதிரை அவிழ்த்த ஏழைப் பெண் கோடிகளைப் பெற்றாள்' என்பர். இது பழிப்பினும் தீய புகழ்ச்சி. கதையின் முறைவைப்பையே இது தலைகீழாக்குகின்றது. செல்வம் முதலில் வந்தது. புதிர் பின்னர் வந்தது. மேலும், முதற்பகுதியில் அவள் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குத் தோன்றும் காரணங்கள் யாவை? அவள் முழுப்பெயரின் ஆங்கில எழுத்துகளை மாற்றி அடுக்கினால் 'மிக ஆபத்தான சூதாட்டம்' என்னும் பொருள்தரும் சொற்றொடர் வருகின்றது. பெயரர்களின் நடுப்பெயர்களைக் கொண்டு தேடிய எண்கள் அவள் பிறந்த நாளைக் காட்டுகின்றன. அவளுடைய அறிவைக் கண்டு கிழவர் செல்வத்தை வழங்கினார் என்று கொள்ள இங்கே இடமில்லை. தம் ஆட்டத்திற்குரிய காயாக அவளைக் கொண்டார். காயை ஆட்டக்காரர் என்று போற்றுவது திறனாய்வு ஆகாது.

அவ்வாறாயின் இந்நூலில் கொள்ளத்தக்கது யாது? மாளிகைக்கு மிகத் தொலைவில், முதல் இயலிலேயே அது உள்ளது. ஏவரி பள்ளித் தலைமையாசிரியரின் அறைக்கு அழைக்கப்படுகின்றாள். அவள் செய்த குற்றம், இயற்பியல் தேர்வில் முழு மதிப்பெண் பெற்றது. மாணவரின் எல்லையைச் சோதிக்கவென்றே கடினமாக அமைக்கப்பட்ட வினாத்தாள் அது. அவள் பார்த்தெழுதினாள் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. எனினும், அவள் வாழும் சூழ்நிலையை நினைவூட்டி, இந்த அளவு மதிப்பெண் இயல்பானதன்று என்று அவர் கருதுகின்றார். மீண்டும் ஒருமுறை தேர்வெழுதித் தன் அறிவை அவள் மெய்ப்பிக்க வேண்டியிருக்கின்றது.

பின்னர் மாளிகையில் நிகழ்வதும் இதுவே. செல்வரின் பெயரருள் ஒருவனான கிரேசன், அவள் தன் பாட்டனாரை ஏமாற்றியவள் என்றே முதலில் கருதுகின்றான். பள்ளியில் மதிப்பெண்ணைத் திருடியவள். மாளிகையில் சொத்தைத் திருடியவள். இடம் மாறிற்று, ஐயம் மாறவில்லை. ஏழையின் கையில் உயர்ந்த பொருள் இருப்பின் அது களவாடப்பட்டதாகவே இருக்கும் என்னும் எண்ணந்தான் இந்நூலின் உண்மையான பூட்டு. மாளிகையின் பூட்டுகளுக்கெல்லாம் சாவி கிடைத்தது. இப்பூட்டுக்குச் சாவி செய்ய வேண்டியவர் ஆசிரியர்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். 'தேர்வின் தூய்மையைக் காப்பது பள்ளியின் கடமையன்றோ? ஐயம் எழுந்தால் மறுதேர்வு வைப்பதில் தவறென்ன?' என்று கேட்பர். தவறு மறுதேர்வில் இல்லை. அது யாருக்கு வைக்கப்படுகின்றது என்பதில் உள்ளது. விடைத்தாளில் சான்று இருப்பின் எந்த மாணவரையும் விசாரிக்கலாம். வீட்டு முகவரியைச் சான்றாகக் கொள்வது விசாரணை ஆகாது. செல்வர் வீட்டுப் பிள்ளை முழு மதிப்பெண் பெற்றால் பாராட்டுக் கூட்டம். வறியவர் வீட்டுப் பிள்ளை பெற்றால் மறுதேர்வு. இதனைத் தூய்மை என்று பெயரிட்டு அழைப்பது அறம் அன்று.

ஏழைப் பிள்ளைக்குப் புதிரறிவு எங்கிருந்து வந்தது என்று வியப்போர்க்கும் நூலிலேயே விடை உண்டு. ஹாதோர்ன் பெயரர்கள் சனிக்கிழமை காலைதோறும் பாட்டனார் அமைத்த புதிர்களில் பயின்றவர்கள். ஏவரிக்கும் ஒரு பயிற்சிப் பள்ளி இருந்தது. அவளுடைய தாயே அதன் ஆசிரியை. மின்சாரம் இல்லாத வேளையில் கைவிளக்கைக் கொண்டு ஒரு விளையாட்டு. வீட்டைச் சூடாக்கப் பணமில்லாத வேளையில் தடித்த மேலங்கியை அணிந்துகொண்டு மிட்டாய் தின்னும் ஒரு விளையாட்டு. இன்மையையே பாடமாக்கிய அத்தாய்க்கு எந்தப் பட்டமும் இல்லை. மாளிகையின் விளையாட்டுக்கு ஈடாக வறுமையின் விளையாட்டும் அறிவை வளர்க்கும் என்பதை அவள் காட்டிச் சென்றாள்.

இதே வகையில் முன்னோடியான நூல் ஒன்றும் உண்டு. எலன் ராஸ்கின் 1978ஆம் ஆண்டில் எழுதி, 1979ஆம் ஆண்டில் நியூபெரி பதக்கம் பெற்ற 'தி வெஸ்டிங் கேம்' என்பது அது. அதில் 16 பேர் எட்டு இணைகளாகப் பிரிந்து, 20 கோடி டாலர் பரிசுக்காகப் புதிரை ஆராய்கின்றனர். முடிவைக் காண்பவள் 13 வயதுச் சிறுமி. ஆயினும் அந்நூலின் நெஞ்சம் நீதிபதி ஃபோர்டு என்னும் கறுப்பினப் பெண்மணியிடத்தே உள்ளது. அவர் வெஸ்டிங் மாளிகைப் பணிப்பெண்ணின் மகள். சிறுமியாய் இருந்தபோது அச்செல்வரோடு சதுரங்கம் ஆடி, மூளையற்றவள் என்று அவரிடமே வசை பெற்றவர். பின்னர் அவருடைய பணத்திலேயே கல்வி பெற்றார். நீதிபதியாக உயர்ந்த பின்னும் அக்கடன் அவரை உறுத்திக்கொண்டே இருக்கின்றது. அறிவை இகழ்ந்தபின் அளிக்கப்படும் பொருள் கொடையாகாது. விலையாகும் என்பதை ராஸ்கின் உணர்ந்திருந்தார்.

பார்ன்ஸ் நூலின் குறையும் இங்கேதான் புலனாகின்றது. ஏவரியின் அறிவுக்கு உலகம் தலைவணங்கப் பல்லாயிரம் கோடி தேவைப்படுகின்றது. காவலரும் வழக்கறிஞரும் சூழ்ந்து நின்ற பின்னரே அவள் சொல் அவையேறுகின்றது. அக்கோடிகள் வாராதிருந்தால்? மறுதேர்வெழுதிய அப்பெண்ணைப் பற்றி எந்தக் கதையும் எழுதப்பட்டிராது. 2022ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பகுதியின் முடிவில் அவள் தன் செல்வத்தின் பெரும்பகுதியை அறப்பணிக்கு ஒதுக்குகின்றாள். அது போற்றத்தக்கது. எனினும், முதல் இயலின் அறையில் இழைக்கப்பட்ட தவறு அதனால் நேராகிவிடாது.

ஆதலால் இப்புதினத்தை மாணவரிடமிருந்து பறிக்க வேண்டுவதில்லை. அதனை வகுப்பில் எடுத்துக்கொள்ளும் ஆசிரியர், புதிர்களைப் பற்றி வினவுவதற்கு முன், முழு மதிப்பெண் பெற்ற பெண்ணை ஏன் ஐயுற்றனர் என்று வினவட்டும். அவ்வினாவுக்கு மாணவர் கூறும் விடைகளைப் பொறுமையோடு கேட்கட்டும். சிலர் கதையிலிருந்து கூறுவர். சிலர் தம் வாழ்விலிருந்து கூறுவர். பின்னவர் கூறுவதைக் கேட்கும்போது ஆசிரியர் தலைகுனிய நேரலாம். அவ்வாறு நேர்ந்தால் அது இழுக்கன்று.

எதிர்பாராத உயில் கோடியில் ஒருவருக்கும் வாய்ப்பதில்லை. எதிர்பாராத நல்ல விடைத்தாளோ எந்த வகுப்பிலும், எந்த நாளிலும் வரலாம். அதனைத் திருத்தும் சிவப்பு மையை விட்டுவிட்டு, எழுதிய பிள்ளையின் முகத்தை ஆசிரியர் ஒருமுறை நம்பிக்கையோடு நிமிர்ந்து பார்ப்பாராயின், அப்பிள்ளைக்கு மாளிகை ஏதும் தேவையில்லை.