குளம் திருத்தப்பட்டது; ஆறு?

இரணைமடுக் குளம் பெருஞ்செலவில் புனரமைக்கப்பட்டு, அதன் கொள்ளளவு 34 அடியிலிருந்து 36 அடியாக உயர்த்தப்பட்டு, 2018 டிசெம்பர் முற்பகுதியில் அப்போதைய ஜனாதிபதியினால் மக்களிடம் கையளிக்கப்பட்டது. சுமார் இரு வாரங்களில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை வெள்ளம் மூழ்கடித்தது. வான்கதவுகள் உரிய வேளையில் திறக்கப்பட்டனவா என்ற சர்ச்சை மூண்டு, 2019 இல் ஆளுநர் விசாரணைக் குழுவொன்றை நியமிக்கும் வரை சென்றது. அந்த வாதப் பிரதிவாதங்களில் கனகராயன் ஆற்றைப் பற்றிப் பேசியவர்கள் மிகச் சிலரே.

வவுனியா வடக்கில் ஊற்றெடுத்து, இரணைமடுவை நிரப்பி, சுண்டிக்குளம் நீரேரியில் கலக்கும் இந்த ஆறே 20 ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயல்களின் உயிர்நாடியாகும். ஆயினும் அதற்குப் பொறுப்பாளர் எவருமில்லை. குளம் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குரியது. மேல்நிலச் சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கும், காடு வனவளத் திணைக்களத்துக்கும் உரியவை. மணலுக்கான அனுமதியை வழங்குவது புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம். முகத்துவாரப் பகுதியோ 2015 முதல் தேசியப் பூங்கா. அனுமதியுடனும் அனுமதியின்றியும் மணல் அள்ளப்படுவதால் ஆற்றுப்படுகை தாழ்கின்றது, கரைகள் இடிகின்றன, கரையைப் பிடித்து நின்ற மருதமரங்கள் வேரோடு சாய்கின்றன. இதனை ஒருசேர நோக்கும் கடமை எந்தக் கதிரைக்கும் இல்லை.

ஆற்று மீட்பு நிபுணர் ஒருவரின் பணி இங்குதான் தேவைப்படுகின்றது. அணைகட்டும் பொறியியலாளர் நீரை எவ்வளவு தேக்கலாம் எனக் கணக்கிடுவார். ஆற்றை மீட்பவரோ, மழைநீர் எங்கே தங்க வேண்டும், எவ்வளவு வண்டல் நகர வேண்டும், வெள்ளம் பரவ எவ்வளவு நிலம் விடப்பட வேண்டும் என்று பார்ப்பார். இந்தியாவின் ராஜஸ்தானில் வற்றிக்கிடந்த அர்வாரி ஆறு, ராஜேந்திர சிங்கும் கிராம மக்களும் 1980களிலிருந்து மேல்நிலத்தில் கட்டிய சிறுகுளங்களினாலேயே மீண்டும் ஓடத் தொடங்கியது. பின்னர் 1999 இல் சுமார் 70 கிராமங்கள் சேர்ந்து அந்த ஆற்றுக்கென ஒரு மக்கள் மன்றத்தையும் அமைத்தன. வன்னியில் சிறுகுளங்களைப் புதிதாகக் கட்டவேண்டியதில்லை. தூர்ந்தவற்றை மீட்டாலே போதுமானது.

அதற்கு ஊரறிவும் வேண்டும். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முல்லைத்தீவு முஸ்லிம்களும், 2008-2009 இல் வேரோடு பெயர்க்கப்பட்ட தமிழரும் திரும்பிவந்தபோது வாய்க்கால்களும் எல்லைகளும் மாறியிருந்தன. பழைய நீரோட்டத்தை அறிந்த இரு சமூகத்து மூத்தோரும் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்களிடம் கேட்காமல் வரையப்படும் படம் காணிப் பிணக்கையே வளர்க்கும் என நாம் அஞ்சுகின்றோம்.

2025 நவம்பரில் டிட்வா புயலின்போது, சுண்டிக்குளத்தில் வெள்ளம் வடிவதற்காகக் கடல்வாயை அகலப்படுத்தச் சென்ற கடற்படையினர் ஐவர் காணாமற்போயினர். ஆற்றின் கடைவாயில் அவசரமாகச் செய்யப்பட்ட வேலைக்குக் கொடுக்கப்பட்ட விலை அது. அடுத்த வடகீழ்ப் பருவமழைக்கு முன்னராவது, மூன்று மாவட்டச் செயலகங்களும் இணைந்து ஊற்று முதல் முகத்துவாரம் வரை ஆற்றை அளவிட வேண்டும். அதுவரை கனகராயன் ஆற்றுக்கான மணல் அனுமதிகள் நிறுத்திவைக்கப்பட வேண்டும் என நாம் கோருகின்றோம்.