பிள்ளைக்கு 32 சதம்!

"பிள்ளைகளைக் காக்கச் சட்டம் இருக்கிறதே, இன்னும் என்ன கூக்குரல்?" என்று வினவுவோர் நம்மிடையே உளர். அவர்களுக்கு விடையாகச் சட்டப் புத்தகத்தையே விரித்து வைக்கிறோம்.

1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம், 6 முதல் 10 வயது வரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி அளிக்குமாறு துரைமாரைப் பணித்தது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளக் கட்டளைச் சட்டமோ, 10 வயது நிரம்பாதோரை வேலைக்கு அமர்த்தலாகாது என்றது. இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள். பள்ளிக்கூடம் கைவிட்ட அதே வயதில் பெரட்டுக்களம் பிள்ளையைப் பற்றிக்கொண்டது! தடையென்று போற்றப்பட்டது உண்மையில் அனுமதிச் சீட்டே.

விலையும் எழுதி வைத்தனர். 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு விதித்த நாட்சம்பளம் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். பிள்ளையின் கூலியும் சேர்ந்தாலன்றி லயத்தில் அடுப்பு எரியாது என்பதை அறிந்தே வகுத்த கணக்கு அது.

இக்கணக்கைத் தட்டிக் கேட்க வல்ல ஆயுதம் வாக்கு ஒன்றே. 1948இல் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரின் குடியுரிமையும், 1949இல் அவர்தம் வாக்குரிமையும் பறிக்கப்பட்டன. வாக்கற்றவனின் பிள்ளைக்காக எந்த அங்கத்தவர் வாதாடுவார்?

1956ஆம் ஆண்டுச் சட்டம் 14 வயதுக்குட்பட்டோருக்குக் காப்பளித்தது. 2021இல் வேலைக்கான குறைந்தபட்ச வயது 16 ஆயிற்று. எண் உயர்ந்தது, ஏழ்மை அகன்றதா? அவ்வாண்டு ஜூலையிலேயே, கொழும்பில் வீட்டுப் பணிக்கு அனுப்பப்பட்ட மலையகச் சிறுமி ஒருத்தி எரிகாயங்களோடு மாண்டாள். தேயிலை மலையில் அடைத்த வாசல், நகரத்துச் சமையலறையில் திறந்துகொண்டது.

நகரத்தை மட்டும் நொந்து பயனில்லை. மருத்துவர்களே, வழக்கறிஞர்களே, கமக்காரப் பெருமக்களே! ஹற்றனிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் யாழ்ப்பாணத்து வீடுகளிலும் பாத்திரம் துலக்கவில்லையா? தமிழர் உரிமை பேசிய நாவுகள் அன்று எங்கே ஒளிந்திருந்தன? இவ்வினாவுக்கு முதலில் நாமே தலைகுனிகிறோம்.

தலைகுனிந்து நின்றுவிடுவதும் தகாது. பிள்ளையின் உழைப்பை நம்பாமலே குடும்பம் வாழத்தக்க சம்பளம் பெற்றோருக்கு வேண்டும். பிள்ளை நடந்து செல்லும் தொலைவில் உயர்தர வகுப்புவரை பள்ளி வேண்டும். பிள்ளைகளை வேலைக்குப் பிடித்துக் கொடுக்கும் தரகனும், அமர்த்தும் எசமானும் ஒரே கூண்டில் நிறுத்தப்பட வேண்டும். இம்மூன்றும் இல்லாத சட்டம் வெறும் காகிதம்.

முதற் கடமை நம் வீட்டு வாசலிலேயே தொடங்குகிறது. மலையகத்துப் பிள்ளை எதுவும் இனி நம் அடுக்களைக்கு வேலையாளாய் வரலாகாது!