கோயில் சோத்துக்கு கூப்பன் போடறதா? கமிட்டி அண்ணன்மாருக்கு ஒரு தொண்டூழியனின் கேள்வி

பதிவு கொஞ்சம் நீளம். முழுசா படிச்சிட்டு அப்புறம் என்னைத் திட்டுங்க.

கிள்ளான்ல எங்க கோயில்ல வெள்ளிக்கிழமை அன்னதானத்துல 14 வருஷமா சோறு போடுறேன். பகல்ல தொழிற்சாலையில சூப்பர்வைசர். படிப்பு எஸ்.பி.எம். தான், யுனிவர்சிட்டி வாசப்படி மிதிச்சதில்ல. வெளிநாட்டுப் படிப்பைப் பத்தி பேச உனக்கு என்ன தெரியும்னு கேட்டா, ஒண்ணும் தெரியாது. சோத்தைப் பத்தி தெரியும்.

வர்ற ஞாயிறு கூட்டத்துல ஒரு தீர்மானம் வருது. இனிமே அன்னதானத்துக்கு கூப்பன், அதுவும் உறுப்பினர் குடும்பத்துக்கு மட்டும். ஏன்னு கேட்டா, "ஊர்க்காரப் பசங்க கூட்டம் ஜாஸ்தியாப் போச்சு" என்கிறார்கள். தமிழ்நாட்டுலேர்ந்தும் யாழ்ப்பாணத்துலேர்ந்தும் வந்து சுபாங், ஷா ஆலம் பக்கம் காலேஜ்ல படிக்கிற பிள்ளைங்களைத்தான் சொல்றாங்க. சுபாங் ஜெயாவுல கொம்யூட்டர் ஏறினா நேரா கிள்ளான். இறங்கி நடந்து வந்துடுவாங்க.

இது திடீர்னு வந்த தீர்மானம் இல்ல. போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, வரிசையில நின்ன ஒரு தம்பி சாப்பிட்டு முடிச்சிட்டு நீல மூடி போட்ட டப்பாவை நீட்டி "ஐயா, கொஞ்சம் தப்பாவ் பண்ணிக்கலாமா?" என்று கேட்டான். நம்ம வார்த்தையை எங்கேயோ கத்துக்கிட்டு வந்து கேட்டிருக்கான் பாருங்க. பக்கத்துல நின்ன ஒரு அண்ணன் எல்லாருக்கும் கேக்கற மாதிரி, "தம்பி, இது கோயிலா உங்க ஹாஸ்டல் மெஸ்ஸா?" என்றார். நாலு பேர் சிரிச்சாங்க. அந்தப் பையன் டப்பாவை மேசையில வெச்சிட்டுப் போயிட்டான். எடுக்கக்கூட திரும்பி வரல.

அப்போ நான் எங்க இருந்தேன்? அகப்பையைப் பிடிச்சிக்கிட்டு அங்கேயேதான் நின்னேன். ஒரு வார்த்தை பேசல. அந்த அண்ணனைக் குறை சொல்றதுக்கு முன்னாடி இதை எழுதிடறேன்.

அடுத்த வாரம் அவனோட கூட்டாளி சொன்னான். செமஸ்டர் ஃபீஸ் கட்டினதுல கையில காசு இல்ல, நாலு நாளா மெகி மீதான் சாப்பிட்டானாம். வீட்டுக்கு போன் பண்ணா "நல்லா சாப்பிடறேன்மா" என்பானாம். அம்மா தாலிக்கொடியை அடகு வெச்சு அனுப்பினவங்க. அவங்ககிட்ட வேற என்ன சொல்லுவான்?

"பார்ட் டைம் வேலைக்குப் போக வேண்டியதுதானே" என்று ஒருத்தர் வாட்சப்ல போட்டார். அவருக்கு சட்டம் தெரியல. லண்டன்ல படிக்கிற பிள்ளை, பட்டப்படிப்புன்னா, படிப்பு நடக்கும்போதே வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்யலாம். ஆஸ்திரேலியாவுல ரெண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். நம்ம நாட்டுல? செமஸ்டர் லீவுல, ஏழு நாளைக்கு மேல லீவு இருந்தாத்தான், வாரம் 20 மணி நேரம். அதுக்கும் காலேஜ் மூலமா இமிகிரேசன்ல அனுமதி வாங்கணும். அதுவும் உணவகம், பெட்ரோல் நிலையம், மினி மார்க்கெட், ஹோட்டல் இந்த மாதிரி இடங்கள்லதான். காசாளர் வேலை கூடாது. இதை மீறினா பாஸ் போயிடும். ஊர்ல ஏஜெண்டு "வேலை பாத்துக்கிட்டே படிக்கலாம்" என்று சொல்லி பணத்தை வாங்கிட்டு ஏத்தி விட்டுடறான். இங்க வந்து இறங்கினப்புறம்தான் பிள்ளைக்கு விஷயம் தெரியுது. ஏமாத்தினவன் அங்க நல்லா இருக்கான். ஏமாந்தவனைத்தான் நாம வரிசையிலேர்ந்து விரட்டப் போறோம்.

அப்புறம் அரிசிக் கணக்கு. இது என் கையில இருக்கிற கணக்கு, யாரும் வாதம் பண்ண முடியாது. வெள்ளிக்கிழமைக்கு 40 கிலோ அரிசி போடுறோம். மாணவர்கள் வர்றது மிஞ்சிப்போனா 25 பேர். 3 கிலோ. சில வாரம் மீந்து போய் கொட்டுறது அதைவிட அதிகம்னு ஸ்டோர்ல வேலை செய்யற எல்லாருக்கும் தெரியும். 3 கிலோ அரிசிக்கா தீர்மானம்?

விஷயம் அரிசி இல்ல. "ஊர்க்காரன்" என்ற அந்த வார்த்தைதான். அறை வாடகை விளம்பரத்துல "சீனர் மட்டும்" என்று எவனாவது போட்டா நமக்கு எப்படி எரியுது? படம் பிடிச்சுப் போட்டு பத்து நாளைக்குக் கிழிக்கிறோம். அதே நம்ம ஆளு, வீடு வாடகைக்கு விடும்போது "ஊர்ப் பசங்களுக்கு இல்ல" என்கிறான். அந்தப் பிள்ளைங்க ஆறு பேர் ஒரே அறையில படுக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

நம்ம பிள்ளைங்க வெளிநாடு போகலையா? கிள்ளான் கிளினிக் போர்டுகள்ல "மணிபால்" என்று எத்தனை இருக்குன்னு எண்ணிப் பாருங்க. அவங்களுக்கு சாம்பாரும் சப்பாத்தியும் போட்டது யாரு? பிரிக்பீல்ட்ஸ் மெயின் ரோட்டுக்கு துன் சம்பந்தன் பேரு. சுங்கை சிப்புட்ல பிறந்த அவர் படிச்சது சிதம்பரத்துல, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல. அவரும் அந்த ஊருக்கு வெளிநாட்டு மாணவர்தான். (அவர் வசதியான வீட்டுப் பிள்ளை, சோத்துக்கு வரிசை பிடிச்சிருக்க மாட்டார் என்பீங்க. சரி.) என் அக்கா மகன் லண்டன்ல படிச்சப்ப ஈஸ்ட்ஹாம் பக்கம் ஒரு கோயில்ல வாராவாரம் சாப்பிட்டிருக்கான். யாரும் அவனை உறுப்பினர் கார்டு கேக்கல. அக்கா இன்னும் அதைச் சொல்லி கும்பிடறாங்க. நம்ம தாத்தா பாட்டியே ரஜுலா கப்பல்ல வந்தவங்கதானே, அவங்க எந்தக் கோயில்ல உறுப்பினரா இருந்துட்டு வந்தாங்க?

பிள்ளைங்க பக்கமும் தப்பு இருக்கு. மறைக்கல. சிலது நம்ம தமிழைக் கேட்டு சிரிக்குதுங்க. "காடி"ன்னா சிரிப்பு, "வெள்ளி"ன்னா சிரிப்பு. சாப்பிட்ட இலையை அப்படியே விட்டுட்டு செல்பி எடுக்குதுங்க. அதுக்கு நான் ஒருநாள் சத்தம் போட்டேன். அடுத்த வாரம் மூணு பேர் தானா வந்து அண்டா கழுவினாங்க. சொன்னா கேக்கற பிள்ளைங்கதான். சொல்லத்தான் ஆளு இல்ல.

நாம காலையில பாக்கறவங்களை எல்லாம் "பசியாறியாச்சா?" என்று கேக்கறோம். பதிலுக்கா கேக்கறோம்? ஒரு பழக்கம், அவ்வளவுதான். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை ஒண்ணு, வந்து ரெண்டு வாரம்தான் இருக்கும், நான் அப்படிக் கேட்டதும் நின்னு, "இன்னும் இல்லைங்கய்யா" என்று சொல்லிச்சு. 14 வருஷத்துல அந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைச்ச முதல் பதில். அன்னைக்கு ராத்திரி எனக்கு சோறு இறங்கல.

தலைவர் அண்ணன் கெட்டவர் இல்ல. கோயில் கூரைக்கு அவர் கொடுத்தது எவ்வளவுன்னு எனக்குத் தெரியும். ஆனா ஞாயிறு காலை பத்து மணிக்கு இந்தத் தீர்மானம் வந்தா நான் எழுந்து எதிர்த்துப் பேசுவேன். கூப்பன் வந்தா, அகப்பையை வேற ஆளு பிடிக்கட்டும். உறுப்பினர்கள் வந்து கை தூக்குங்க. வாட்சப்ல கட்டைவிரல் போட்டா கணக்குல சேராது.

அந்தத் தம்பியைத் தெரிஞ்சவங்க யாராவது இதைப் படிச்சா சொல்லிடுங்க. வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு நான் சோத்து அண்டா பக்கத்துலதான் இருப்பேன். டப்பா கழுவி ஸ்டோர்ல, எண்ணெய் டின்னுக்கு மேல வெச்சிருக்கேன். மூடியும் இருக்கு.