பாடசாலைகளில் கைத்தொழிலும் இல்லத்தொழிலும்

பாடசாலையில் பிள்ளைகளுக்குக் கைத்தொழிலும், சமையல், தையல் முதலிய இல்லத்தொழில்களும் கற்பிக்கலாகுமா என்னும் பேச்சு நாட்டுப்புறத்தில் எழும்போதெல்லாம் இருவகை மறுப்புகள் கேட்கப்படுகின்றன. "மண்வெட்டி பிடிக்கப் பையன் வீட்டிலேயே பழகுகிறான், அதற்காகவா பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறோம்?" என்பது நிலமுடைய குடியானவரின் கேள்வி. "எங்கள் பிள்ளைகளைத் திரும்பவும் பழைய தொழிலிலேயே கட்டிப்போடும் ஏற்பாடு இது" என்பது, தலைமுறை தலைமுறையாய் ஒரே தொழிலில் அடைபட்டுக் கிடந்தோரின் அச்சம். முதல் மறுப்புக்கு விடையிறுத்தல் எளிது. இரண்டாவது அவ்விதம் தள்ளத்தக்கதன்று; அதற்குச் சரித்திர ஆதாரம் உண்டு.

1937ஆம் வருஷம் அக்டோபர் மாதம் வார்தாவில் கூடிய மகாநாட்டில் காந்தியடிகள் ஆதாரக் கல்வி முறையை முன்வைத்தார். டாக்டர் ஜாகிர் ஹுசேன் தலைமையில் அமைந்த கமிட்டி அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. நாளொன்றுக்குரிய ஐந்தரை மணி நேரத்தில் 3 மணி 20 நிமிஷம் கைத்தொழிலுக்கே ஒதுக்கப்பட்டது. தாய்மொழிக்குக் கிடைத்தது 40 நிமிஷம். தொழிலின் வாயிலாகவே கணக்கும் சாஸ்திரமும் கற்பிக்க வேண்டுமென்ற கருத்து உயர்ந்ததே. ஆனால் பிள்ளைகள் நூற்ற நூலையும் செய்த பண்டத்தையும் விற்றுப் பள்ளிச் செலவைச் சரிக்கட்ட வேண்டுமென்ற எண்ணமும் அதனுடன் சேர்ந்து வந்தது. வரும்படி நோக்கம் புகுந்த இடத்தில் பாடசாலை பட்டறையாக மாறுதல் இயல்பு; எத்தனை சிட்டம் நூல் சேர்ந்தது என்பதைப் பார்க்கும் உபாத்தியாயர், பையன் என்ன கற்றான் என்பதைப் பார்க்க மறந்துபோவார்.

1953ஆம் வருஷம் சென்னை ராஜ்யத்தில் ராஜாஜி மந்திரிசபை கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம் வேறு வழியில் தவறியது. நாட்டுப்புறப் பள்ளிகளில் வகுப்பு நேரம் நாளுக்கு மூன்று மணியாகக் குறைக்கப்பட்டது. மிகுதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டுமென்று சொல்லப்பட்டது. குயவர் மகன் சக்கரத்துக்கும், வண்ணார் மகன் துறைக்கும், கூலிக்காரர் மகள் பிறர் வயலுக்கும் போகவேண்டியதென்பதே அதன் பலன் என்று கண்ட ஜனங்கள், குலக்கல்வித் திட்டமென்று பெயரிட்டு அதனை எதிர்த்தனர். பெரியார் அக்கிளர்ச்சியில் முன்னின்றார். 1954இல் காமராஜர் முதன் மந்திரியானதும் திட்டம் கைவிடப்பட்டது. எதிர்ப்பு நியாயமானதே. அங்கே தொழில் போதிக்கப்படவில்லை. பள்ளி நேரம் குறைக்கப்பட்டது, அவ்வளவுதான். அதுவும் பட்டணத்துப் பிள்ளைக்கன்று, கிராமத்துப் பிள்ளைக்கு மட்டும்.

ஆகவே தொழில் கற்பித்தல் நன்றோ தீதோ என்று கேட்பதைவிட, யாருக்குக் கற்பிப்பது என்று கேட்பதே முறை. டாக்டர் வீட்டுப் பிள்ளையும் நடவு ஆளின் பிள்ளையும், ஆணும் பெண்ணும், ஒரே பாத்தியில் ஒரே நேரத்தில் கைவைப்பதாயின் அது கல்வி. ஒரு சாராருக்கு மட்டும் அதனை விதிப்பதாயின் இல்லாமலிருப்பதே மேல்.

இனி, நிலமுடையவரின் கேள்விக்கு வருவோம். வீட்டில் பையன் பழகுவது வேலை. அதன் காரணத்தை அவன் அங்கே அறிவது அருமை. அந்த வேலையும் இக்காலத்தில் குறைந்துவிட்டது. நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வாடகைக்கு வருகின்றன. தகப்பனாரே வரப்பில் நின்று பார்க்கிறார். அவரிடமிருந்து மகன் எதைக் கற்பது? ஓர் உதாரணத்தைப் பார்க்கலாம். நெல் விதையில் 100 மணியை எண்ணி ஈரச்சாக்கில் பரப்பிச் சுருட்டிவைத்து, ஒரு வாரத்துக்குள் முளைத்தவற்றை எண்ணுவது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் இயலும். 80 முளைத்தால் அது சான்று பெற்ற நெல் விதைக்கு விதித்த குறைந்தபட்ச அளவு. 60 மட்டும் முளைத்தால், 80 முளைக்கும் விதையில் 30 கிலோ போதுமான இடத்துக்கு இதில் எத்தனை கிலோ வேண்டுமென்று கணக்கிடச் சொன்னால், 40 என்ற விடையை அப்பிள்ளை ஆயுள் உள்ளவரை மறவாது. புது முட்டை மிதக்குமளவு உப்புக் கரைத்த நீரில் நெல்லைக் கொட்டினால் பதர் மேலே மிதக்கும், பொறுக்கு மணி அடியில் தங்கும். அதை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். அடர்த்திக்குத்தக்க மிதப்பு வேறுபடும் என்னும் பாடம் புஸ்தகத்தில் இருக்கிறது; களத்துமேட்டிலும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துவைப்பவர் இல்லை.

மழை விஷயமும் அவ்வாறே. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 25 மில்லிமீட்டர் பெய்தால் 100 சதுர மீட்டர் பள்ளிக்கூரையில் 2,500 லிட்டரும், ஓர் ஏக்கரில் ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டரும் விழுகின்றன. இதைத் தானே அளந்து எழுதிய பையன், வாய்க்கால் தண்ணீருக்காக வரப்பில் சண்டையிடுவோரை வேறு கண்ணால் பார்ப்பான்.

இல்லத்தொழில் என்றவுடன் பெண்பிள்ளைகளின் பாடமென்று ஒதுக்கிவிடுவது வழக்கம். ஜப்பான் தேசத்தில் அவ்வழக்கம் வெகுநாள் இருந்து, 1993இல் நடுநிலைப் பள்ளிகளிலும் 1994இல் மேல்நிலைப் பள்ளிகளிலும் மனையியல் ஆண்பிள்ளைகளுக்கும் கட்டாயமாயிற்று. இங்கோ, படிப்பு முடிந்து திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போகும் வாலிபன், உலை வைக்கத் தெரியாமல் மூன்று வேளையும் கடைச் சோற்றில் காசை இழக்கிறான். அரிசியைப் பலமுறை கழுவி, வடித்த கஞ்சியையும் கொட்டினால் உயிர்ச்சத்தில் ஒரு பகுதி அதோடு போகிறது. புழுங்கலரிசியில் பச்சரிசியைவிட அச்சத்து நிலைத்திருக்கிறது. சமையலறையில் இருக்கும் இந்தச் சாஸ்திரம் ஆணுக்கு வேண்டாமென்று சொல்ல என்ன காரணம்?

சர்க்கார் அறிக்கைகளில் இவ்விஷயத்துக்குக் குறைவில்லை. கோத்தாரி கமிஷன் 1966இல் செயல் அனுபவம் வேண்டுமென்றது. ஈசுவர்பாய் படேல் கமிட்டி 1977இல் சமூகத்துக்குப் பயன்படும் ஆக்கவேலை என்று அதற்குப் புதுப்பெயர் தந்தது. தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வியோடு தொழிற்பிரிவும் தொடங்கியது. ஆனால் அது பதினாறாம் வயதில் ஒரு பிரிவினர்க்கு மட்டும் வருவது. மதிப்பெண் குறைந்தவர்க்குரியதென்னும் இளப்பமும் ஊர்களில் அதன்மேல் படிந்துவிட்டது. 2020ஆம் வருஷத்து மத்திய சர்க்கார் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் புஸ்தகப் பையில்லாத 10 நாட்களைச் சொல்கிறது. பத்து நாளில் கீரைகூட அறுப்புக்கு வராது. வாரத்துக்கு இரண்டு பாடவேளை, வருஷம் முழுதும், ஒன்று முதல் பத்து வரை எல்லா வகுப்பிலும் என்பதே உசிதமான அளவாகும். அதற்குமேல் கேட்டால் எழுத்துக்கும் கணக்கிற்கும் உரிய நேரத்தில் கைவைக்க நேரும்.

ஒரு தீமையை முதலிலேயே தடுக்க வேண்டும். தொழிற்பயிற்சி என்ற பெயரால் பிள்ளைகளைக் கொண்டு கழிப்பிடம் கழுவுவிப்பதும், அதற்குக் குறிப்பிட்ட ஜாதிப் பிள்ளைகளையே அழைப்பதும், உபாத்தியாயர் வீட்டுக்குத் தண்ணீர் சுமக்கவைப்பதும் கல்வியல்ல, குற்றம். பாத்தி வேலையோ பெருக்கும் வேலையோ, முறைவைத்து வகுப்பு முழுவதும் செய்தல் வேண்டும். முறைப்பட்டியல் சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

இடமில்லை என்பது பெரும்பாலும் சாக்கு. ஐந்து சென்ட் இருந்தால் ஒரு வகுப்புக்குத் தாராளம். அதுவுமில்லையேல் சிமெண்டுச் சாக்கில் மண்ணும் மட்கிய எருவும் நிரப்பிக் கத்தரி வைக்கலாம். பயிரைத் தெரிந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். ஜூன் மாதம் பள்ளி திறந்தவுடன் கீரை விதைத்தால் ஒரு மாதத்துக்குள் பறிக்கலாம். உளுந்து 65 முதல் 75 நாளில் முடியும். கோடை விடுமுறையில் தண்ணீர் கேட்கும் பயிர் எதையும் வைக்கலாகாது. முருங்கை ஓர் ஓரத்தில் நின்றால் அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். விளைவது முழுவதும் சத்துணவுக் கூடத்துக்குப் போகட்டும். எத்தனை கிலோ பறித்தது, எத்தனை கிலோ அடுப்பேறியது என்ற கணக்கை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கரும்பலகையில் எழுதி, பெற்றோர் கூட்டத்தில் வாசிக்கட்டும்.