அலைமேல் அயலார்

தர்மபுரி மாவட்டத்து நல்லம்பள்ளியில் நின்று நாற்புறமும் நோக்கினால் குன்றுகளும் மானாவாரி நிலங்களும் சேலம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையும் தென்படும். கடலுக்கும் இவ்வூருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்றே தோன்றும். இத்தகைய ஊர்களில் வளரும் மாணவர் பலர் கடலை முதன்முதலில் காண்பது கல்விச் சுற்றுலாவில்தான். அதுவும் கணுக்கால் நனையும் அளவிற்கு. கரையில் நிற்பவருக்குக் கடல் வெறும் நீர்ப்பரப்பு. மாதக்கணக்கில் அதன்மீது செல்பவருக்கோ அது எண்ணற்ற உயிர்கள் வாழும் குடியிருப்பு. அங்கே மனிதரே அயலார்.

2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து ஐ.என்.எஸ்.வி. தாரிணி என்னும் பாய்மரப் படகு உலகைச் சுற்றிவரப் புறப்பட்டது. படகின் நீளம் 17 மீட்டர். ஏறத்தாழ ஒன்றரைப் பேருந்தின் நீளம். அதில் இருந்தோர் இருவரே: புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி, கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னா. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பாக்லாந்துத் தீவுகள், தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களில் மட்டும் கரைதொட்டு, 25,000 கடல்மைல்களுக்கு மேல் கடந்து, 2025 மே 29 அன்று அவர்கள் கோவா திரும்பினர்.

இப்பயணத்தைப் போற்றுவோர் முதலில் எடுத்துரைப்பது அதன் தூரத்தையும் அவ்விருவரின் துணிவையுமே. அது நியாயம்தான். ஆனால் அதே அளவு போற்றத்தக்க மற்றொரு பணியும் அப்பயணத்தில் சேர்க்கப்பட்டிருந்தது. தேசியக் கடலாராய்ச்சி நிறுவனத்திற்காக, கடல்நீரில் உள்ள நுண்நெகிழித் துகள்களை ஆராய்வதற்கான மாதிரிகளைச் சேகரிப்பதும், இந்திய வனவிலங்கு நிறுவனத்திற்காகப் பெருங்கடல் பாலூட்டிகளைக் கண்டு குறிப்பெடுப்பதும் அப்பணி. காவல் புரியும் படையினர் கவனித்து எழுதும் கடமையையும் ஏற்றது சிறிய செய்தியன்று.

இப்பணிக்குப் பாய்மரப் படகே ஏற்றது. சரக்குக் கப்பலின் மேல்தளம் பலமாடிக் கட்டடத்தின் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பார்ப்பவருக்கு ஓங்கிலும் ஓர் அலைநுனியாகவே தோன்றும். எந்திரத்தின் ஓசையோ உயிரினங்கள் பலவற்றை முன்னரே விலகச் செய்துவிடும். பாய்மரப் படகு நீர்மட்டத்தை ஒட்டிக் காற்றின் விரைவில் செல்வது. வெப்பமண்டலக் கடலில் விடியற்காலையில் தளத்தைப் பார்த்தால், இரவில் பறந்துவந்து விழுந்த கோலா மீன்கள் கிடப்பதுண்டு. படகின் முன்முனை எழுப்பும் அலையில் ஏறி ஓங்கில்கள் உடன்வரும். ஒளிரும் நுண்ணுயிர்கள் மிகுந்த நீரில் அவை இரவில் நீந்தினால், உடல் தெரியாது. ஒவ்வொன்றின் பின்னும் நீண்டு மறையும் வெண்பச்சை ஒளிக்கோடுகள் மட்டுமே தெரியும். திமிங்கிலத்தையோ இருளில் கண்களுக்கு முன் காதுகளே அறியும். நீரைப் பிளந்து வெளிவரும் அதன் பெருமூச்சு அத்துணை அருகில் கேட்கும்.

தெற்கே நாற்பதாம் அட்சக்கோட்டைக் கடந்தபின் காட்சி மாறுகிறது. அங்கே அல்பட்ராஸ் பறவைகளின் ஆட்சி. அவற்றுள் பெரியதன் விரிந்த சிறகுகளின் அகலம் மூன்றரை மீட்டர் வரை இருக்கும். ஒருமுறையும் சிறகடிக்காமல் காற்றின் ஏற்ற இறக்கத்தையே படிகளாக்கி அது நெடுநேரம் மிதந்து செல்லும். கப்பலிலிருந்து வீசப்படும் உணவை நாடிக் கலங்களைப் பின்தொடரும் இப்பழக்கமே அதற்குக் கேடாகவும் முடிகிறது: மீன்பிடி கலங்கள் விடும் நெடுந்தூண்டில்களின் இரையை விழுங்கி, முள்ளில் சிக்கி நீரில் மூழ்கி இறப்பவை பல.

காண்பதைப் போலவே காண்பதற்கு இடும் பெயரும் எண்ணிப்பார்க்கத் தக்கது. திமி, அதனை விழுங்கும் திமிங்கிலம், அதனையும் விழுங்கும் திமிங்கிலகிலம் என்று பெயர்களை அடுக்கிய பழைய கற்பனையில் வியப்போடு அச்சமும் கலந்துள்ளது. அந்த அச்சம் இன்றும் அகலவில்லை. 2020 முதல் ஸ்பெயின், போர்ச்சுகல் கடலோரத்தில் ஓர்காக்கள் சில, பாய்மரப் படகுகளின் சுக்கான்களை மோதியும் கடித்தும் உடைத்து வருகின்றன. சில படகுகள் மூழ்கவும் செய்தன. செய்தித்தாள்கள் உடனே ‘தாக்குதல்’ என்றும் ‘பழிவாங்கல்’ என்றும் எழுதின. ஆய்வாளர் பலரின் கருத்தோ வேறு: இளம் விலங்குகள் தமக்குள் கற்றுப் பரப்பிய விளையாட்டாகவே இது இருக்கக்கூடும் என்கின்றனர். படகை இழந்தவருக்கு அவ்விளக்கம் ஆறுதல் தராது, உண்மையே. எனினும், பகை என்று பெயரிட்டுவிட்டால் அடுத்த நிலை படைக்கலம் எடுப்பதே என்பதை மறத்தல் கூடாது.

மோதல் என்று பேசப் புகுந்தால், கணக்கில் மிகுந்திருப்பது மனிதரின் பக்கமே. இலங்கையின் தென்முனையாகிய தேவேந்திரமுனைக்கு அப்பால் நீலத் திமிங்கிலங்கள் ஆண்டு முழுவதும் இரைதேடும் கடற்பகுதி உள்ளது. உலகின் நெரிசல் மிகுந்த கப்பல் வழிகளுள் ஒன்று அதனூடே செல்கிறது. அடிபட்டு இறந்த திமிங்கிலங்கள் கரை ஒதுங்கியதும், ஒருமுறை கப்பலின் முன்முனையிலேயே சிக்கித் துறைமுகம் வந்து சேர்ந்ததும் பதிவாகியுள்ளன. 2022-இல் ஒரு பெரிய கப்பல் நிறுவனம் தன் கலங்களை ஏறத்தாழ 15 கடல்மைல் தெற்கே விலகிச் செல்லப் பணித்தது. விலகிச் செல்ல வழி உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஏனைய கலங்கள் அனைத்தும் அவ்வாறு செல்ல வேண்டும் என்று கட்டளையிட இனியும் தயங்குவது முறையாகாது. தமிழ்நாட்டுக் கடலிலும் நிலை வேறன்று: 2025 சனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கிய ஆமை மூச்சுவிட மேலே வர இயலாமல் மடிகிறது. வலையில் அது வெளியேறும் வழியமைக்கும் கருவி இருந்தும் பயன்பாட்டில் குறைவே.

இவையெல்லாம் கடலோரத்தார் கவலை, மலையடிவாரத்து ஊருக்கு இதில் என்ன பங்கு என்று ஒருவர் வினவலாம். விடையைத் தாரிணி சென்ற வழியிலேயே காணலாம். 2025 சனவரி 30 அன்று அப்படகு தென் பசிபிக்கில் ‘நீமோ முனை’யைக் கடந்தது. அருகிலுள்ள நிலமும் அங்கிருந்து ஏறத்தாழ 2,688 கிலோமீட்டர் தொலைவு. விண்வெளி நிலையம் தலைக்குமேல் செல்லும் வேளையில், அதில் இருப்போரே அவ்விடத்திற்கு மிக அண்மையில் உள்ள மனிதர்! அங்கும் நீர் மாதிரிகளை அவர்கள் எடுத்தனர். அதற்கு முன்னரே, 2018-இல் முடிவுற்ற உலகைச் சுற்றும் படகுப் போட்டி ஒன்றின்போது, அம்முனையருகே எடுத்த ஒரு கனமீட்டர் நீரில் 9 முதல் 26 நுண்நெகிழித் துகள்கள் இருந்தமை கண்டறியப்பட்டது. மனிதர் வாழாத இடத்திற்கு மனிதர் எறிந்தது சென்று சேர்ந்துவிட்டது.

நல்லம்பள்ளி வட்டத்தின் வழியே தொப்பையாறு ஓடுகிறது. சேர்வராயன் மலைச்சரிவில் தோன்றி, அணையொன்றில் தங்கி, மேட்டூர் நீர்த்தேக்கத்தில் காவிரியோடு அது கலக்கிறது. அணைகள் பலவற்றைத் தடுத்து நிறுத்தும்; எனினும் வெள்ளம் பெருகி மதகுகள் திறக்கும் நாளில் மிதப்பன யாவும் நிற்பதில்லை. மழை வடிந்தபின் தொப்பையாற்றின் கரையோர முட்செடிகளில் நெகிழிப் பைகள் சிக்கி நிற்கும் இடங்களுக்குச் சென்று, ஒரு வகுப்பு மாணவர்கள் அவற்றை வகைபிரித்து, எண்ணி, நாளிட்டு எழுதலாம். அடுத்த ஆண்டு வருவோர் அதே குறிப்பேட்டில் தொடரலாம்.